மார்க்கெட் ஏறிய பிறகு வந்த வெறுப்பு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வசந்தாவைப் பார்த்தேன். கழுகுமலை பஸ் வந்து நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஹேண்ட்பேக். கையில் ஒரு பெரிய துணிப்பை. பைக்குள்ளிருந்து நாற்காலி மெத்தை ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

அந்த மெத்தை எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஸ்டாஃப் ரூமில், அவள் நாற்காலியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. முதுகுவலிக்காரி. மெத்தை இல்லாமல் உட்கார மாட்டாள். லீவுக்குக்கூட அதை வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. இப்போது எடுத்துப் போகிறாள் என்றால்...

"ஏட்டி வசந்தா, இன்னைக்கா ரிட்டயர்மெண்ட்?"

"ஆமாக்கா. இன்னைக்கோட முடிஞ்சுது."

கழுத்தில் மாலை இல்லை. கூட ஒரு ஆள் இல்லை. பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு டீச்சர் ரிட்டயர் ஆவது சின்னக் கல்யாணம் மாதிரி. ஆளாளுக்குக் காசு போட்டு மோதிரம் எடுப்போம். மைக் பிடித்து ஆளாளுக்கு அழுவோம். அப்புறம் மாலையும் கழுத்துமாக வேனில் ஏற்றி, மொத்த ஸ்டாஃபும் கூடவே போய், அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டு, அங்கே வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவோம். நான் ரிட்டயர் ஆனபோது வேன் பத்தாமல் ஆட்டோவும் பிடித்தார்கள். அந்த அமளியில் என் செருப்பு ஒன்று காணாமல் போனது.

"ஃபங்ஷன் வைக்கலையா?"

"வேண்டாம்னு நான்தான் எச்.எம்.கிட்ட சொல்லிட்டேன்."

"நீ சொன்னா விட்டுருவாங்களா? யாரும் வற்புறுத்தலையா?"

துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்லக்கா. யாரும் வற்புறுத்தல."

பஸ் வந்துவிட்டது. அவள் பின்னாலேயே நானும் ஏறினேன். என் கையில் அப்போதுதான் வாங்கிய கத்தரிக்காயும் கீரையும் இருந்தன.

"நீங்க எங்கக்கா வாரீய?"

"ஒங்க வீட்டுக்குத்தான். கொண்டுவந்து விடுததுக்கு ஒரு ஆளாவது வேணும்லா."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிக்கெட்டை நான் எடுத்தேன்.

*

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் சிலர் அவ்வப்போது கேட்பீர்கள் – "ஷேர் மார்க்கெட், மியூச்சுவல் ஃபண்ட் பற்றியெல்லாம் எழுத மாட்டீர்களா? எதில் போட்டால் நல்லது?" எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் சமூக அறிவியல் டீச்சர். எனக்குத் தெரிந்தது ஒரு ஸ்டாஃப் ரூம். அங்கே மியூச்சுவல் ஃபண்ட் எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

ஒரு நீளமான மேஜை. சுற்றிலும் நாங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா டப்பாவும் மேஜையைச் சுற்றி வரும். பேச்சும் சுற்றி வரும். அப்போதெல்லாம் சேமிப்பு என்றால் நகைக்கடைச் சீட்டு. அது போனால் ஏலச்சீட்டு. அதுவும் போனால், பைபாஸுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் கல் ஊன்றி வைத்திருக்கிற பிளாட். பிளாட் வாங்கியவர்கள், அது எங்கே இருக்கிறது என்று பிறகு தேடிப் போய்ப் பார்த்தார்கள். வேலிக்கருவை முளைத்துக் கல் தெரியவில்லை.

வசந்தாவின் கணவர் சங்கரலிங்கம் கழுகுமலையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தொடுகிற வயதில் மனிதர் உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் ஆனார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பழைய மொபெட், முன்னால் ஒரு ரெக்ஸின் பை. அதிர்ந்து பேசத் தெரியாது. இந்த மனிதர் எப்படி ஆள் பிடிக்கப் போகிறார் என்று எங்களுக்கே கவலை.

வசந்தா ஒரு நாளும் எங்களைக் கேட்டதில்லை. இதை நான் அடித்துச் சொல்லுவேன். நாங்கள்தான் கேட்டோம். 'ஒங்க வீட்டுக்காரர் ஏதோ பண்ணுதாராமே, எங்களுக்கும் சொல்லச் சொல்லு.' ஒரு சனிக்கிழமை அவர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். சம்பளம் வந்ததும் மாதாமாதம் ஒரு தொகை தானாகப் போய்ச் சேருகிற எஸ்.ஐ.பி. பற்றிச் சொன்னார். நல்லதைச் சொன்ன நேரத்தைவிடக் கெட்டதைச் சொன்ன நேரம் அதிகம்.

"இது இறங்கும் டீச்சர். கண்டிப்பா இறங்கும். இறங்கும்போது என்னைய ஏசணும்னு தோணும். ஏசிக்கிடுங்க. ஆனா அந்நேரம் வெளிய எடுத்துராதீங்க. வருஷக்கணக்கா விட்டுவச்சாத்தான் இது பணம்."

எல்லோரும் தலையாட்டினோம். யாராவது காதில் வாங்கினோமா? இறங்கும் என்று ஒருவர் சொல்லும்போது அது எப்போதும் வேறு யாருக்கோ இறங்கும் என்றுதானே தோன்றுகிறது...

ஏறத்தான் செய்தது. எங்கள் சாப்பாட்டு மேஜை பங்குச் சந்தை ஆகிவிட்டது. "என்.ஏ.வி. பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டேதான் டப்பாவைத் திறப்பார்கள். என்.ஏ.வி. என்றால் ஒரு யூனிட்டின் அன்றைய விலை. அதன் விரிவு என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏறினால் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். பெரிய கம்பெனி ஃபண்ட் நல்லதா, சின்னக் கம்பெனி ஃபண்ட் நல்லதா என்று விவாதம் நடக்கும். சயின்ஸ் டீச்சர் ஜெயந்தி சின்னக் கம்பெனிக் கட்சி. "மெதுவா ஏறுததுக்கு பேங்க் போதாதா?" என்பாள்.

எங்களில் பேச்சியம்மாளுக்குத்தான் இதில் உண்மையான ஆசை இருந்தது. பசுவந்தனைக்காரி. கணவர் கருப்பசாமிக்கு மானாவாரிக் காடு. உளுந்து, மிளகாய், பருத்தி... எது போட்டாலும் வானம் பார்த்த பயிர். பேச்சியம்மாள் எங்களைப் போல அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் இல்லை. பள்ளி நிர்வாகம் தன் கையிலிருந்து கொடுக்கிற சம்பளம். எங்கள் சம்பளத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது. அதிலும் ஒரு பகுதியை மகள் திவ்யாவின் படிப்புக்கென்று எஸ்.ஐ.பி. போட்டாள். எங்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அவளுக்கு அப்படி இல்லை.

வசந்தாவும் அவளும் ஒட்டிக்கொண்டே திரிவார்கள். திங்கட்கிழமை வசந்தா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவருவாள். டப்பா மேஜையைச் சுற்றி வருவதற்குள் காலியாகிவிடும் என்று, பேச்சியம்மாளுக்கு மட்டும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவாள். நாங்கள் கேலி செய்வோம். ரெண்டு பேரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

*

கொரோனா வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மார்க்கெட் இறங்கியது. இறங்கியது என்று சொன்னால் போதாது – கிணற்றுக்குள் வாளி கயிறு அறுந்து போன மாதிரி போனது.

எங்களுக்கெல்லாம் சம்பளம் வந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாளுக்கு நின்றுவிட்டது. 'பிள்ளைகள் ஃபீஸ் கட்டவில்லை, நிர்வாகத்துக்கு வருமானமில்லை' என்றார்கள். வீட்டில் மிளகாய் வத்தல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வாங்க வருகிற வியாபாரி வரவில்லை. அந்த நேரத்தில் போனைத் திறந்து பார்த்தால், அவள் போட்ட பணத்தில் கிட்டத்தட்டப் பாதியைக் காணவில்லை.

சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். "பொறுங்கம்மா, திரும்பி வந்துரும்" என்றிருக்கிறார். மறுநாளும் போட்டிருக்கிறாள். மறுநாளும் அதையேதான் சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்லுவார்?

அப்புறம்தான் கருப்பசாமி கிளம்பினார். மெயின் ரோட்டில் போலீஸ் நின்றதால், காட்டுப்பாதை வழியாகவே பைக்கில் கழுகுமலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு நடந்ததை வசந்தா அப்போதே எனக்குப் போனில் சொன்னாள். கருப்பசாமி வீட்டுக்குள்ளே வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, எங்க பணத்த எடுத்துக் குடுங்க. நான் போயிருதேன்."

"பணம் எங்கயும் போயிரல அண்ணாச்சி. வெலதான் எறங்கியிருக்கு. ஒங்க யூனிட்டு அப்பிடியே இருக்கு."

"யூனிட்ட வச்சு சோறாக்க முடியுமா?"

  சங்கரலிங்கம் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: "ரெண்டு மூணு மாசச் செலவுக்கு நான் தாரேன். ஒங்களுக்கு முடிஞ்சப்ப திருப்பித் தாங்க. இத மட்டும் இப்ப எடுக்காதீங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். கருப்பசாமி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"அப்போ ஒங்ககிட்ட பணம் இருக்கு. எங்க பணம் மட்டும் எறங்கிட்டு. ஒங்க பணம் எப்பிடி எறங்காம இருக்கு?"

அதற்குப் பிறகு சத்தம் கூடியது. தெருவில் எல்லோரும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஊரடங்கில் அவர்களுக்கும் வேறு வேலை இல்லை. 'பொம்பளைங்ககிட்ட நைசாப் பேசிப் பணத்த வாங்கிட்டான்' என்று கருப்பசாமி தெருவைப் பார்த்துச் சொன்னார். சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பொழுது சாயும்வரை கருப்பசாமி அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே சங்கரலிங்கம் வழி செய்து கொடுத்து, பேச்சியம்மாள் பணத்தை எடுத்துவிட்டாள். விலை அடி ஆழத்தில் கிடந்தபோது.

அதோடு நிற்கவில்லை. ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். அழுகைதான் பாதி. 'என் பிள்ளை படிப்புக்கு வச்சிருந்தது டீச்சர்...' அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அதைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் பணத்தை எடுத்தார்கள். மாதம் தவறாமல் சம்பளம் வந்துகொண்டிருந்தவர்கள். அடுத்த வேளைச் சோற்றுக்குக் கவலையில்லாதவர்கள். அவர்களில் ஜெயந்திதான் முதல்.

நான் எடுக்கவில்லை. தைரியமா? அதெல்லாம் இல்லை. எடுக்க வேண்டுமானால் ஓ.டி.பி. வர வேண்டும். ஓ.டி.பி. பெங்களூரில் இருக்கிற என் மகன் நம்பருக்குப் போகும். அவன் போனை எடுக்க மாட்டான். எடுத்தால் 'மீட்டிங்கில் இருக்கேன்' என்பான். இப்படியே நாள் ஓடிவிட்டது. நீண்ட கால முதலீட்டாளர் என்று என்னைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால், அது முழுக்க என் மகனின் அலட்சியத்தைச் சேரும்.

*

பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது மார்க்கெட் விட்ட இடத்தைப் பிடித்திருந்தது. பிடித்ததோடு நிற்காமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

சங்கரலிங்கம் சொன்னபடியே நடந்துவிட்டதல்லவா? அப்படியானால் எல்லோரும் என்ன செய்திருக்க வேண்டும்? 'அவர் பேச்சைக் கேட்காமல் போனோமே' என்று வருந்தியிருக்க வேண்டும். வசந்தாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

மனுஷ மனசு அப்படி வேலை செய்வதில்லை. எனக்கு அந்த வருஷம்தான் அது தெரிந்தது.

ஜெயந்தி சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக் கணக்குப் போட்டாள். எடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று. ஒரு தொகையைச் சொன்னாள்.  வசந்தா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவியளுக்கென்ன. அவிய எடுக்கலைல்லா. விஷயம் தெரிஞ்சவிய" என்றாள் ஜெயந்தி. வசந்தாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லார்கிட்டயும் எடுக்க வேண்டாம்னுதான சொன்னாவ" என்றேன் நான்.

"சொன்னாவ. இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்லா."



அந்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, ஒரு திங்கட்கிழமை. வசந்தா உளுந்தஞ்சோற்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நோய் பயம் அடங்கி, மறுபடி டப்பாக்கள் சுற்ற ஆரம்பித்திருந்த நேரம். அவள் டப்பாவும் சுற்றியது. ஒவ்வொருவரும் வாங்கி, எடுக்காமலேயே அடுத்தவரிடம் நகர்த்தினார்கள். நான் மட்டும் ஒரு கரண்டி எடுத்தேன். அப்படியே சுற்றி வந்து அவள் முன்னாலேயே நின்றது. மூடிவைத்தாள். பேச்சியம்மாளுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த சின்னக் கிண்ணம் மேஜை ஓரத்திலேயே இருந்தது. அவள் அன்றைக்கு ஸ்டாஃப் ரூமுக்குள்ளேயே வரவில்லை. வகுப்பிலேயே இருந்து சாப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் வசந்தா மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இங்கன காத்து வருது" என்றாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் ரிட்டயர் ஆகும்வரை சில நாள் அவளோடு போய் ஜன்னல் ஓரத்தில் சாப்பிட்டேன். சில நாள் மேஜையில் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவள் தனியாகத்தான் சாப்பிட்டிருப்பாள்.

சங்கரலிங்கம் ஏஜென்ட் தொழிலை விட்டுவிட்டார். போனவர்கள் போக, இருந்தவர்களுக்கும் 'வேறு நல்ல ஆளாப் பாத்துக்கிடுங்க' என்று அவரே சொல்லிவிட்டார். கழுகுமலையில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதப் போனார். கல்யாண வீடு, சடங்கு வீடு எதற்கும் போவதில்லை. மொய் மட்டும் வசந்தா கையில் கொடுத்துவிடுவார்.

*

பஸ் ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் வெயிலில் வெடித்துப் பிளந்த கரிசல். காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிக் குவித்துப் போட்டிருந்தார்கள்.  நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"மோதிரம் வேண்டாம், மாலை வேண்டாம்... சரி. எல்லாரும் ஒரு நேரம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டாவது போயிருக்கலாம்லா. பகையெல்லாம் தீர்ந்திருக்கும்."

"அதுக்குத்தான் வேண்டாம்னேன்."

"என்னது?"

"கூட்டிட்டு வந்து எங்க வாசல்லதான விடுவாங்க. தெருவே வந்து பாக்கும். அன்னைக்கும் தெருவே வந்து பாத்துச்சு. எங்க வீட்டுக்காரவிய அந்தப் படியில உக்காரதே இல்லக்கா. செருப்பக்கூட உள்ள வந்துதான் கழத்துதாவ. மாலையோட நான் போயி அங்கன எறங்க... இவிய எங்க நிப்பாவ?"

நான் கேட்டிருக்க வேண்டாம்.

வீட்டில் சங்கரலிங்கம் இருந்தார். அன்றைக்குக் கடையிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறார். மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கலவரப்பட்டு, பின்னாலே வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

"வாங்க டீச்சர். நீங்களாவது வந்தீயள."

ஒரு ஜவுளிக்கடைப் பையிலிருந்து புதுச் சேலை ஒன்றை எடுத்து வசந்தாவிடம் கொடுத்தார். கத்தரிப்பூ நிறம். மனைவியின் ரிட்டயர்மெண்டுக்கு அவர் தனியாகப் போய் வாங்கியது. அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கலர் ஏற்கெனவே இருக்கு" என்றாள். ஆனால் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

காபி வந்தது. மார்க்கெட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"எல்லாரும் எடுத்தாவள்லா. அதுல எனக்கு வருத்தம் இல்ல டீச்சர். அது அவிய இஷ்டம். பேச்சியம்மா டீச்சர் விஷயம் மட்டும் வேற."

"அவதான மொதல்ல எடுத்தது?"

"எடுக்காம என்ன செய்வாவ? சம்பளம் எப்ப வேணாலும் நிக்கும். வெள்ளாமை மழைய நம்பி நிக்குது. அந்த வீட்டுக்கு நான் பாதிப் பணத்த பேங்க்ல போடச் சொல்லியிருக்கணும். கஷ்டம்னு வந்தா ஒடனே எடுக்க மாதிரி. மொத்தத்தையும் கொண்டுபோய் சின்னக் கம்பெனி ஃபண்டுல போட்டுக் குடுத்தேன். அந்நேரம் அது ஏறிட்டே இருந்துச்சு. அவியளும் ஆசைப்பட்டாவ. எனக்கும் வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

வசந்தா உள்ளே போய்விட்டாள்.

"இத அவகிட்ட சொன்னீயளா அண்ணாச்சி?"

"ஒரு தடவ பசுவந்தனைக்குப் போனேன். பஸ்ஸ விட்டு எறங்கி டீக்கடையில டீ குடிச்சேன். அங்கன இருந்தே அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிட்டேன். அவிய வீட்டு வாசல்ல போயி நான் நின்னா, ஊரு என்ன பேசும்? அன்னைக்கு நம்ம வாசல்ல நடந்தது அவியளுக்கும் நடக்கணுமா?"

நீண்ட கால முதலீடு என்கிறார்கள். காத்திருங்கள், காத்திருங்கள் என்கிறார்கள். காத்திருப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று வருகிறவனுக்குத்தான் பத்து வருஷம் என்பது ஒரு எண். கரிசல்காட்டில் ஒரு மழை தவறினால் பத்து வருஷம் அன்றைக்கே முடிந்துவிடும். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

*

என் மூளையில் ஒரு யோசனை. சங்கரலிங்கம் தன் தப்பை ஒத்துக்கொள்கிறார். பேச்சியம்மாளிடம் இதை எடுத்துச் சொன்னால் போதாதா? ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச வைத்துவிடலாம் – ஸ்கூலில் சண்டை போட்ட பிள்ளைகளைக் கைகொடுக்க வைப்பது மாதிரி. முப்பது வருஷம் டீச்சர் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வியாதி போகாது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாளைப் போன் செய்து வரச் சொன்னேன். கோவில்பட்டிக்குச் சாமான் வாங்க வந்தவள் வீட்டுக்கு வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இன்னும் அதே நிர்வாகச் சம்பளம்தான்.

"வெள்ளிக்கிழமை வசந்தா ரிட்டயர் ஆனாளே, நீ போகலையா?"

"லீவு போட்டுட்டேன்க்கா. ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"ஏன்?"

"எதிர்ல நிக்க முடியாதுக்கா."

சங்கரலிங்கம் சொன்னதையெல்லாம் சொன்னேன். பாதியை பேங்கில் போடச் சொல்லியிருக்க வேண்டும் என்றதையும், பசுவந்தனை டீக்கடை வரை வந்து திரும்பியதையும். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவிய அப்பிடிச் சொன்னாவளா?"

"ஆமா. தப்பு என் மேலதான்னு சொல்லுதாவ."

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரரக் கழுகுமலைக்கு அனுப்பினது நான்தான்க்கா. போயி வாசல்லயே உக்காருங்க, எந்திரிக்காதீங்கன்னு நான்தான் சொல்லிவிட்டேன். பணத்துக்கு வேற வழி தெரியல. குரூப்புல அழுததும் நான்தான். அது எறங்கினப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. கோவம் ஒரு வாரத்துல போயிருக்கும். திரும்ப ஏறிச்சு பாத்தீயளா... அப்பதான் அவிய ரெண்டு பேரையும் பாக்கவே புடிக்காமப் போச்சு. அவிய சொன்னது சரியாப் போயிட்டுல்லா. நான் செஞ்சது அப்பிடியே நிக்குதுல்லா."

"இப்பதான் அவரும் தப்புன்னு சொல்லுதாரே. கழுகுமலைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன? நானும் கூட வாரேன்."

தலையை ஆட்டினாள். சரி என்றா, முடியாது என்றா – எனக்குப் புரியவில்லை. வசந்தா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். புதுச் சேலை என்ன கலர் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். போகலாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், வேறு பேச்சை எடுத்தாள்.

"திவ்யாவுக்கு கோயம்புத்தூர்ல நர்ஸ் வேலை கெடச்சிருக்குக்கா. படிச்ச லோன் போக மிச்சத்துல மாசாமாசம் எஸ்.ஐ.பி. போடணும்னு நிக்கா. அவ கூட வேல பாக்கவிய எல்லாரும் போடுதாங்களாம்."

"நல்லதுதான."

"'அம்மா, ஒனக்குத் தெரிஞ்ச ஆளா, நேர்மையான ஆளா யாராவது இருந்தா சொல்லும்மா, அவர்கிட்ட கேட்டுப் போடுதேன்'ன்னா. விசாரிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். ஒங்களுக்கு யாரையாவது தெரியுமாக்கா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே ஒரு பெயர்தான் தெரியும். அவளுக்கும் அந்த ஒரு பெயர்தான் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்லுவேன் என்று அவள் காத்திருந்தாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா. வாரேன்."

சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நேற்று பேச்சியம்மாள் போனில் சொன்னாள் – திவ்யா யாரையும் கேட்கவில்லையாம். செல்போனில் ஒரு செயலியை இறக்கி, தானாகவே போட ஆரம்பித்துவிட்டாளாம். நல்ல காரியம்தான். இறங்கினால் போய் உட்கார அதற்கு வாசல்படி கிடையாது.

செயலிக்கு மனைவி கிடையாது.